பல்கலைக்கழகம் வந்தால் சுற்றுவட்டாரத் தொழில் வளருமா? நாங்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

சங்கச் செயலாளர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு பல்கலைக்கழகம் வருவது உறுதியாகிவிட்டது. இடத்தை அளந்து கல்லும் நட்டாயிற்று. நான் 12 பேர் வேலை செய்யும் ஒரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். சிறுதொழில் சங்கத்தின் செயலாளர் பொறுப்பும் இரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

போன வாரக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நிலத்தின் விலை ஏறும், அதுதான் வளர்ச்சி என்றார் ஒருவர். நம் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியூர் போவதற்கு இன்னொரு வாசல் திறக்கிறது, அவ்வளவுதான் என்றார் இன்னொருவர். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை.

திட்ட அறிக்கையில் 'வட்டாரப் பொருளாதார வளர்ச்சிக்கு உந்துசக்தி' என்று ஒரு வரி இருக்கிறது. அது எப்படி நடக்கும் என்று கேட்டால் ஆராய்ச்சிப் பூங்கா, காப்புரிமை, ஸ்டார்ட்அப் மையம் என்கிறார்கள். என் பட்டறைக்கும் அந்த மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். பல்கலைக்கழகத்தின் உள்ளே என்ன நடக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

தொழில் சங்கங்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே வளர்ச்சி வருமா, வந்தால் எந்த வழியாக வரும், நாங்கள் எதைக் கேட்டு எழுதினால் பிரயோஜனமாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

கணினித் தம்பி எழுதியது:

ஐயா, சந்தேகமே வேண்டாம், வளர்ச்சி வரும். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். பழத்தோட்டங்கள் இருந்த பள்ளத்தாக்கு அது. ஃப்ரெட்ரிக் டெர்மன் என்ற பேராசிரியர், தன் மாணவர்கள் ஹியூலெட், பேக்கார்ட் இருவரையும் அங்கேயே கம்பெனி தொடங்கத் தூண்டினார். 1939-ல் 538 டாலரை வைத்துத் தொடங்கினார்கள். 1951-ல் பல்கலைக்கழகம் தன் சொந்த நிலத்திலேயே தொழிற்பூங்கா அமைத்தது. பிற்பாடு கூகுளின் தேடல் முறைக்கு உரிமம் கொடுத்து, பதிலுக்குப் பங்குகள் வாங்கி, அவற்றை விற்றதில் மட்டும் சுமார் 33.6 கோடி டாலர் கிடைத்தது.

அதனால் அந்த மூன்றையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். பூங்கா வந்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் உங்கள் பட்டறைக்கும் வேலை வரும்.

---

பழைய ஆய்வுக்கூடம் எழுதியது:

செயலாளர் ஐயா, நான் ஒரு பல்கலைக்கழகத்தின் உலோகவியல் ஆய்வுக்கூடத்தில் 26 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். கடைசி ஒன்பது வருடம் தொழில் தொடர்புப் பிரிவிலும் சேர்த்துப் பார்த்தேன். வெளியே இருக்கும் தொழிலுக்கும் உள்ளே இருக்கும் படிப்புக்கும் நடுவில் நின்றே என் காலம் போயிற்று. அதனால் பூங்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், ஒரு மதியம் நடந்ததைச் சொல்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன், வராந்தாவில் ஒருவர் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காலை பத்து மணிக்கே வந்தவராம். அலுவலகத்தில் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும் என்றிருக்கிறார்கள். துறைத் தலைவர் வகுப்பில் இருந்திருக்கிறார். அப்புறம் ஏதோ கூட்டம். பையில் என்ன என்று கேட்டேன். உடைந்த காஸ்டிங் மூன்றை எடுத்து வைத்தார். சின்ன பவுண்டரி, இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் பட்டறை. எஸ்.ஜி. அயர்ன் என்று, சுலபமாக உடையாத ஒரு வகை வார்ப்பிரும்பு உண்டு, அதில் ஒரு பிராக்கெட் ஊற்றிக் கொடுக்கிறார். வாங்குகிற கம்பெனி மூன்று லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஒவ்வொரு லாட்டிலும் பாதி நன்றாக இருக்கிறது, மீதி லேசாகத் தட்டினாலே விரிசல் விடுகிறது. ஸ்கிராப்பை மாற்றிப் பார்த்திருக்கிறார், மணலை மாற்றிப் பார்த்திருக்கிறார். இன்னும் ஒரு லாட் திரும்பினால் பவுண்டரியை மூடவேண்டியதுதான் என்றார்.

விரிசல் ஓரத்தில் ஒரு துண்டு அறுத்து எடுத்தேன். எமரி ஷீட்டில் தேய்த்து, வீலில் பாலிஷ் பிடித்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். ஆசிட்கூடத் தடவவில்லை, கார்பன் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வெறும் பாலிஷே போதும். எஸ்.ஜி. அயர்னில் அது கடுகைத் தூவியது போல உருண்டை உருண்டையாக இருக்க வேண்டும். இதில் புழு மாதிரி நீண்டு கிடந்தது. சில இடத்தில் ஓலை ஓலையாக. அவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருடமாக ஊற்றுகிறவர், உள்ளே இருப்பதை அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மெக்னீசியம் போட்ட பிறகு கடைசி அச்சு ஊற்றி முடிக்க எத்தனை நிமிடம் ஆகும்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். உருகிய இரும்பை அள்ளி ஊற்றும் பாத்திரம், லேடில் என்பார்கள், ஒரே பெரியதாக இருந்தது, அதைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையாக ஊற்றுகிறார்கள். இருபத்தைந்து நிமிடம் என்றார். அங்கேதான் கோளாறு. கார்பனை உருண்டையாக்குவது மெக்னீசியம்தான். ஆனால் அது உருகிய இரும்பில் நிலைத்து நிற்காது, நேரம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடத்தைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். முதலில் ஊற்றியதெல்லாம் சரியாக வந்திருக்கிறது, கடைசியில் ஊற்றியதெல்லாம் வீணாகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டியதால் எது முதல், எது கடைசி என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க வழி இல்லை.

சின்ன லேடிலில் இரண்டு தடவையாக மெக்னீசியம் போடுங்கள், ஒவ்வொரு காஸ்டிங்குக்கும் வரிசை எண் போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துக் கடைசி அச்சில் ஊற்றியதைக் கொண்டு வந்தார். உருண்டையாக இருந்தது. அப்புறம் எங்கள் மாணவர் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார், அந்தப் பையன் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தான்.

இதில் காப்புரிமை கிடையாது, ஆராய்ச்சிக் கட்டுரை கிடையாது. பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் இதை எழுத ஒரு கட்டமும் கிடையாது. ஆனால் ஒரு பவுண்டரி நின்றது, அதை நம்பிய குடும்பங்கள் நின்றன. வட்டார வளர்ச்சி என்று நீங்கள் கேட்பதை நான் கண்ணால் பார்த்தது இப்படித்தான்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும், அதன் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் நிலம் கொடுத்து, அதை விற்ற பணத்தில் உழவும் தொழில்நுட்பமும் கற்பிக்கும் கல்லூரிகளை ஏற்படுத்தச் சொன்னது. (அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.) கல்லூரி மட்டும் போதவில்லை. 1887-ல் இன்னொரு சட்டம் போட்டு, கல்லூரிகளோடு சேர்ந்த சோதனைப் பண்ணைகளுக்குப் பணம் ஒதுக்கினார்கள். 1914-ல் மூன்றாவது சட்டம் வந்தது. கல்லூரியில் தெரிந்ததைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சொல்லவும், கிராமத்தின் பிரச்சினையைக் கல்லூரிக்குக் கொண்டுவரவும் சம்பளத்துக்கு ஆள் போட்டது அந்தச் சட்டம்தான். கட்டடம் கட்டியதிலிருந்து, நடுவில் நடந்து போக ஒரு ஆளைப் போட 52 வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

இடையில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்போது பாலை எடை பார்த்து வாங்கினார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும், கொழுப்பை எடுத்துவிட்டு ஊற்றியவனுக்கும், நல்ல பால் கொண்டு வந்தவனுக்கும் ஒரே விலை. நேர்மையாக மாடு வளர்த்தவனுக்குத்தான் நஷ்டம். பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீஃபன் பாப்காக் 1890-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். கழுத்தில் அளவுக்கோடு போட்ட ஒரு குப்பி, கந்தக அமிலம், கையால் சுற்றும் ஒரு சுழலி, அவ்வளவுதான். அமிலம் மற்றதையெல்லாம் கரைத்துவிடும், சுற்றினால் கொழுப்பு மேலே வந்து குப்பியின் கழுத்தில் நிற்கும், கோட்டைப் பார்த்துப் படிக்க வேண்டியதுதான். பால் வாங்கும் நிலையத்தில் இருக்கும் யாரும் செய்யலாம். அதற்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். கொழுப்புக்கு ஏற்ற விலை கொடுக்க முடிந்தது, நல்ல மாட்டை வளர்க்க ஆதாயம் வந்தது, அந்த மாநிலத்தின் பால் தொழில் எழுந்ததில் அந்தக் குப்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

கணினித் தம்பிக்கு: நீங்கள் சொன்ன விவரங்கள் எல்லாம் சரி. ஆனால் அந்தக் கதையில் விட்டுப்போனது நிறைய. அங்கே வளர்ந்த கம்பெனிகளுக்கு ஆரம்ப காலத்தில் பெரிய வாடிக்கையாளர் ராணுவம். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஷாக்லி 1956-ல் அந்தப் பகுதியில் வந்து கம்பெனி தொடங்கினார், அவருடைய தாயார் அங்கே குடியிருந்தது அதற்கு ஒரு காரணம். அவரிடம் வேலை பார்த்த எட்டுப் பேர் அடுத்த வருடமே பிரிந்து போய் ஃபேர்சைல்ட் என்ற சிப் கம்பெனியைத் தொடங்கினார்கள். அப்படிப் பிரிந்து போக முடிந்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வேலையை விட்டவன் அதே தொழிலில் இறங்கக் கூடாது என்று முதலாளி எழுதி வாங்கும் ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில் 1872-லிருந்தே செல்லாது. பாஸ்டன் பக்கத்தில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருந்தது, ராணுவப் பணம் இருந்தது, கணினிக் கம்பெனிகள் இருந்தன. ஆனால் அங்கே அந்த ஒப்பந்தம் செல்லும். 1980-களின் கடைசியில் பாஸ்டன் பக்கம் தளர்ந்தபோது கலிஃபோர்னியா பக்கம் ஏறியதற்கு, ஆட்கள் சுலபமாக இடம் மாற முடிந்ததும் ஒரு காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

டெர்மன் செய்ததில் நான் பெரிதாக நினைப்பது பூங்காவை இல்லை. சுற்றியிருந்த கம்பெனிகளின் பொறியாளர்கள் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டான்ஃபோர்டில் மேல்படிப்பு படிக்க 1950-களில் அவர் வழி செய்தார். பகலில் பட்டறையில் சிக்கிய முடிச்சு, அதே வாரம் வகுப்புக்கு வந்துவிடும். இதைக் கேட்டு வாங்குங்கள், பூங்காவைவிட இது மலிவு.

---

வாடகை வீடு எழுதியது:

நான் பள்ளி ஆசிரியை. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் மதில் ஓரத்தில் 15 வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். மேலே எழுதிய இரண்டு பேரும் தொழிலின் பக்கம் நின்று பேசியிருக்கிறீர்கள். நான் மதிலின் இந்தப் பக்கம் நின்று பேசுகிறேன்.

எங்கள் தெருவில் வீடுகளெல்லாம் மாணவர்களுக்குக் கட்டில் கணக்கில் வாடகைக்குப் போகின்றன. ஒரு குடும்பம் கொடுக்கக்கூடிய வாடகையை நான்கு மாணவர்கள் சேர்ந்து சுலபமாகத் தாண்டிவிடுகிறார்கள். பக்கத்தில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டுப் போனதைப் பார்த்தவள் நான். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கு வருகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் உள்ளே காலடி வைத்த பிள்ளை என் வகுப்பில் ஒன்றுகூட இல்லை.

வரியையும் கவனியுங்கள். பல இடங்களில் பல்கலைக்கழகத்துக்குச் சொத்து வரி விலக்கு உண்டு. சாலையும் தண்ணீரும் சாக்கடையும் நகராட்சி கொடுக்க வேண்டும், நகரின் நடுவில் பெரிய நிலப்பரப்பு வரிக் கணக்கில் வராது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவன் நகரில் இது பல காலமாக இழுபறி. பணக்காரப் பல்கலைக்கழகம், பணமில்லாத நகரம். கடைசியில் 2021-ல், நகரத்துக்குத் தானாகக் கொடுத்துவந்த தொகையைக் கூட்டித் தருவதாக யேல் ஒப்புக்கொண்டது. முதலிலேயே பேசி எழுதி வாங்காவிட்டால் பிற்பாடு கெஞ்ச வேண்டியிருக்கும்.

படித்த பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? செயலாளரின் கூட்டத்தில் அந்த இரண்டாவது ஆள் கேட்டதை யாரும் சட்டென்று தள்ளிவிடாதீர்கள்.

---

சங்கச் செயலாளர் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஆய்வுக்கூடத்து ஐயா எழுதியதை எங்கள் செயற்குழுவில் சத்தமாக வாசித்தேன். பவுண்டரி வைத்திருக்கும் ஒருவர் பாதியிலேயே எழுந்து, போன வருடம் தனக்கும் இதேதான் நடந்தது, தான் கடைசிவரைக்கும் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றார். அவருடைய முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம். ஐயா, உங்களைப் போன்ற ஒருவர் அன்றைக்கு அந்த வழியாக நடந்து வந்ததால் அந்த மனிதர் தப்பித்தார். நீங்கள் விடுப்பில் இருந்திருந்தால்? அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க நாங்கள் என்ன கேட்க வேண்டும்? அப்புறம் ஆசிரியை அம்மா கேட்டதுதான் எனக்கும் கவலை. பிள்ளைகள் தங்குவார்களா?

---

பழைய ஆய்வுக்கூடம் எழுதியது:

ஐயா, "விடுப்பில் இருந்திருந்தால்" என்று கேட்டீர்களே, அதை நினைத்து நானே பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாமல் எத்தனை பேர் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்களோ.

ஆசிரியை அம்மா சொன்னதை நான் முழுதாக ஏற்கிறேன். வாடகையும் வரியும் என் எழுத்தில் வராதது என் குறைதான். முதல் நாளிலேயே மாணவர் விடுதிக்கு இடம் ஒதுக்கச் சொல்லி எழுதுங்கள். முதலில் வகுப்பறை, விடுதி பிற்பாடு என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் தங்குவார்களா என்பதற்கு வருகிறேன். மைக்கேல் ஆண்ட்ரூஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் ஒரு நல்ல ஆராய்ச்சி செய்திருக்கிறார். அமெரிக்காவில் முற்காலத்தில் கல்லூரிக்கு இடம் தேடியபோது கடைசிச் சுற்று வரை வந்து, ஏதோ தற்செயலான காரணத்தால் தவறவிட்ட ஊர்களைப் பட்டியல் எடுத்தார். கிடைத்த ஊரையும் நூலிழையில் தவறவிட்ட ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கல்லூரி கிடைத்த இடங்களில் காப்புரிமைகள் கூடியிருக்கின்றன. ஆனால் அவற்றில் அந்தக் கல்லூரியின் ஆசிரியர்களும் அங்கே படித்தவர்களும் வாங்கியவை கொஞ்சம்தான். பெரும்பகுதி, கல்லூரி இருக்கிறது என்பதால் அந்தப் பகுதிக்குக் குடிவந்து சேர்ந்தவர்களால் வந்தது. ஆக, போகிறவர்களை மட்டும் எண்ணக் கூடாது, வருகிறவர்களையும் எண்ண வேண்டும். வருகிறவர் தங்க வீடு, அவர் பிள்ளைக்குப் பள்ளி, கூட வரும் கணவருக்கோ மனைவிக்கோ வேலை, இவையெல்லாம் இருந்தால்தான் வருவார்.

வளர்ச்சி எவ்வளவு வரும் என்று கேட்டால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அன்னா வலெரோ, ஜான் வான் ரீனன் என்ற இருவர் 78 நாடுகளில் சுமார் 15,000 பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு வட்டாரத்தில் மக்கள்தொகைக்கு இத்தனை பல்கலைக்கழகம் என்ற எண்ணிக்கை 10 சதவீதம் கூடினால், பிற்பாடு அந்த வட்டாரத்தின் தலா வருமானம் 0.4 சதவீதம் அதிகமாக இருக்கிறது. சும்மா இல்லை, நிஜமான பலன்தான். ஆனால் கல் நட்டதும் வானம் பொத்துக்கொண்டு கொட்டும் என்று உங்கள் உறுப்பினர்களுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். பொறுமையாக வருகிற பலன் இது.

இனி, பிள்ளைகளைத் தங்க வைப்பது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் தொடங்கியபோதே, ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் சம்பளத்தோடு வேலை என்று மாற்றி மாற்றி வைத்தது. முதலில் மற்ற பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதெல்லாம் படிப்பா என்று கேட்டார்கள். இன்றைக்கு அந்த முறையில் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று அதுதான். எனக்கு இதில் பிடித்தது வேறு. நான்கைந்து தடவை வெவ்வேறு இடத்தில் வேலை பார்த்த பையனுக்கு யார் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதலாளிக்கும் பையனைத் தெரிந்துவிடும். வளாகத் தேர்வு என்ற பெயரில் ஒரே நாளில் பெரிய கம்பெனிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் இடத்தில், 12 பேர் வேலை செய்யும் பட்டறைக்கு எப்படி ஆள் கிடைக்கும்? உங்கள் பெயரே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதே.

ஃபின்லாந்தின் வடக்குப் பகுதியில் ஊலு என்ற நகரம். தாரும் மரமும் விற்ற இடம். 1958-ல் பல்கலைக்கழகம் வந்தது, பிறகு அரசின் மின்னணு ஆய்வகம் வந்தது, நோக்கியா பெரிதாக வளர்ந்தது. நோக்கியாவின் கைபேசித் தொழில் சரிந்தபோது அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஆனால் ரேடியோ தொழில்நுட்பம் தெரிந்த பொறியாளர்கள் ஒரே இடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்காகவே வேறு கம்பெனிகள் அங்கே வந்து கிளை திறந்தன. பல்கலைக்கழகமும் வயர்லெஸ் ஆராய்ச்சியை விடவில்லை. கைபேசித் தொழில் போய்விட்டது, கைத்திறன் போகவில்லை. கஷ்டம் இல்லாமல் மீண்டார்கள் என்று சொல்லமாட்டேன். ஒரே கம்பெனியை நம்பி இருந்ததன் வலி அது.

அக்ரன் என்று ஓஹையோவில் ஓர் ஊர், டயர் தொழிலின் தலைநகராக இருந்தது. அங்கிருந்த கல்லூரி 1909 வாக்கிலேயே ரப்பர் வேதியியலைப் பாடமாக வைத்தது. தொழில் முதலில், பாடம் அடுத்து. பின்னாளில் டயர் ஆலைகள் மூடப்பட்டபோதும் பாலிமர் படிப்பும் ஆராய்ச்சியும் அங்கே நின்றன. உங்கள் கடிதத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். எங்களிடம் என்னென்ன தொழில் இருக்கிறது, எத்தனை பட்டறை, எந்த வேலையில் அடிக்கடி தவறு வருகிறது என்று நீங்களே பட்டியல் கொடுங்கள். பாடத்திட்டக் குழுவில் உங்கள் ஆள் ஒருவர் உட்கார வேண்டும் என்று கேளுங்கள்.

காப்புரிமையை நம்ப வேண்டாம். ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் மரபணுவை வெட்டி ஒட்டும் கோஹன்–போயர் முறைக்கு உரிமம் கொடுத்து 25 கோடி டாலருக்கு மேல் பார்த்தது உண்மை. அது லட்சத்தில் ஒன்று. அதிலும் அவர்கள் ஒருவருக்கு மட்டும் கொடுக்காமல், கேட்டவர்கள் எல்லோருக்கும் சின்ன ஆண்டுக் கட்டணத்தில் கொடுத்ததுதான் அந்தத் தொழிலே வளரக் காரணம். அமெரிக்காவிலேயே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் காப்புரிமைப் பிரிவு தன் செலவுக்குக்கூடச் சம்பாதிப்பதில்லை.

அதிர்ஷ்டத்தை நம்பாமல் இருக்க என்ன கேட்பது என்றீர்கள். நான் ஒன்பது வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மதிலுக்கு வெளியே, சாலையைப் பார்த்து ஓர் அறை வேண்டும். காவலாளியிடம் கையெழுத்துப் போடாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் உடைந்த சாமானோடு உள்ளே வர முடிகிற அறை. அங்கே தொழில் தெரிந்த ஒருவர் முழுநேரமாக உட்கார்ந்திருக்க வேண்டும், பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை, பட்டறையில் பத்து வருடம் கைபழகியவராக இருந்தால் போதும். கொண்டு வந்ததை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்யட்டும். எத்தனை நாளில் பதில் என்பதைச் சுவரில் எழுதி வைக்கட்டும். சோதனைக் கட்டணமும் சுவரிலேயே இருக்கட்டும். பெரிய கம்பெனிக்கு ஒரு கட்டணம், சின்னப் பட்டறைக்கு ஒரு கட்டணம்.

அப்புறம், இப்படி வெளியாரின் வேலையைச் செய்து கொடுக்கும் ஆசிரியருக்கும் டெக்னீஷியனுக்கும் அது பதவி உயர்வில் சேர வேண்டும். இதை அழுத்தி எழுதுங்கள். என்னோடு இருந்த ஓர் இளம் ஆசிரியர் தொழிற்சாலைப் பிரச்சினைகளுக்காகவே சனிக்கிழமைகளில் வருவார். தேர்வுக் குழுவில் அவருடைய கட்டுரைகளை எண்ணினார்கள், சனிக்கிழமைகளை யாரும் எண்ணவில்லை. இரண்டு தடவை பதவி உயர்வு தவறியது. மூன்றாம் வருடம் அவர் சனிக்கிழமை வருவதை நிறுத்திக்கொண்டார். அவர்மேல் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

---

கணினித் தம்பி எழுதியது:

ஐயா, நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ராணுவ ஆர்டர், ஒப்பந்தச் சட்டம் எல்லாம் எனக்குப் புது விஷயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்களைப் போன்ற மென்பொருள் ஆட்களுக்கும் அந்த வெளி அறை உதவும். சின்னப் பட்டறைகளில் இன்னும் நோட்டில்தான் உற்பத்திக் கணக்கு எழுதுகிறார்கள். நீங்கள் சொன்ன அந்த வரிசை எண், ஊற்றிய நேரம், இவற்றைக் கைபேசியிலேயே பதிந்து வைக்க ஒரு மாணவர் ஒரு பருவத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

---

சங்கச் செயலாளர் எழுதியது:

இன்று காலை செயற்குழுவில் பேசி முடித்துவிட்டோம். பூங்கா வேண்டாம் என்று எழுதப் போவதில்லை, வந்தால் வரட்டும். ஆனால் கடிதத்தின் முதல் பக்கத்தில் சாலையைப் பார்த்த அறை, அதில் உட்காரும் ஆள், சோதனைக் கட்டணப் பட்டியல். இரண்டாம் பக்கத்தில் சம்பளத்தோடு வேலைப் பருவம், இதற்கு 41 பட்டறைகள் மாணவர்களை எடுத்துக்கொள்வதாக இன்றைக்கே கையெழுத்துப் போட்டிருக்கின்றன. என் பட்டறையில் இரண்டு பேர். வேலை பார்த்துக்கொண்டே படிக்க மாலை வகுப்பு, பாடத்திட்டக் குழுவில் ஓர் இடம், பதவி உயர்வு விஷயம், அதற்குப் பிறகு. ஆசிரியை அம்மா சொன்ன விடுதியும் நகராட்சி வரியும் தனிப் பத்தியாக வருகின்றன. அந்தப் பத்தியை நகராட்சி உறுப்பினரிடமும் காட்டப் போகிறோம்.

எந்த வேலையில் அடிக்கடி தவறு வருகிறது என்று பட்டியல் எடுக்கச் சொன்னீர்களே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. தன் பட்டறையில் என்ன கெட்டுப்போகிறது என்று பக்கத்துப் பட்டறைக்காரன் முன்னால் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பெயர் போடாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள் பெட்டியைத் திறக்கிறோம்.

---

பழைய ஆய்வுக்கூடம் எழுதியது:

நல்ல யோசனை. சீட்டுகளைத் திறந்ததும் வார்ப்பு, வெல்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் மூன்றையும் தனியாகப் பிரித்து இங்கே போடுங்கள். எந்தெந்தச் சோதனைக்கு என்ன கருவி வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன், அதை அப்படியே கடிதத்தோடு இணைத்துவிடலாம். மைக்ராஸ்கோப்பை மட்டும் அந்த வெளி அறையிலேயே வைக்கச் சொல்லுங்கள்.